ஏழாம் கல்

"எனக்கு எப்பங்க பேர் வெட்டுறது?"

சென்னியப்பன் கேட்டேவிட்டார். பதினோரு வருஷமாகத் தொண்டையிலேயே நின்ற கேள்வி. ஒரு வியாழக்கிழமை காலையில் பட்டறையைத் திறந்ததும் திறக்காததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டார்.

கேட்டது திலகமணியிடம். பட்டறையில் எல்லோருக்கும் அவர் வாத்தியாரம்மா. வயது முப்பத்தொன்பது. சென்னியப்பனுக்கு நாற்பத்தெட்டு. தன்னைவிடச் சின்ன வயசுக்காரி முன்னால் கைகட்டி நிற்பதில் அவருக்கு ஒருநாளும் சங்கடம் இருந்ததில்லை. அந்தம்மா ஜப்பானில் ஒரு கொல்லரிடம் ஒன்பது வருஷம் கிடந்து வாள் அடிக்கப் படித்துவிட்டு வந்தவர். வித்தைக்கு வயசு பார்க்கிற ஆள் இல்லை சென்னியப்பன்.

அவருடைய சங்கடம் வேறு. அதற்குப் பெயர் ஜெபசிங்.

கோயமுத்தூரிலிருந்து சூலூர் போகிற வழியில், ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கிறது அந்தப் பட்டறை. சாமுராய் வாள்களுக்கு நகல் செய்கிற இடம். உலகத்தில் தபால்தலை சேர்க்கிற பைத்தியம் இருப்பது மாதிரி வாள் சேர்க்கிற பைத்தியமும் இருக்கிறது. வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு வெள்ளரிக்காயைக்கூட வெட்டமாட்டார்கள். ஆனால் மெஷினில் செய்தது என்று தெரிந்தால் போதும், தொடமாட்டார்கள். நகலாக இருந்தாலும் கை பட்ட நகல் வேண்டும் அவர்களுக்கு.

அப்படி ஒரு நகலுக்கு, அடிக்கிறவன் தன் பெயரை வெட்டிக்கொள்ளலாம். கைப்பிடிக்குள் மறைந்து போகிற பகுதி ஒன்று உண்டு, அதைப் பட்டறையில் வால் என்பார்கள். அங்கே உளியால் பெயர் வெட்ட வேண்டும். ஜப்பான்காரர்கள் தங்கள் எழுத்தில் வெட்டுவார்கள். வாத்தியாரம்மா தமிழில்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். உருவம் அவர்களுடையது, அடித்த கை யாருடையது என்பதில் பொய் இருக்கக்கூடாது என்பது அவர் சட்டம். ஒரு எழுத்துக்குக் கீழே ஒரு எழுத்தாக மேலிருந்து கீழே இறங்கும் பெயர்.

மூங்கில் ஆணியைத் தட்டி, கைப்பிடியைக் கழற்றினால் ஒழிய அந்தப் பெயரை யாரும் பார்க்க முடியாது. இருந்தாலும் அது வேண்டும். பட்டறையில் எட்டுப் பேர். ஐந்து பேருக்குப் பெயர் வெட்டும் உரிமை கிடைத்துவிட்டது. வாத்தியாரம்மா "வெட்டு" என்று சொன்னால்தான் வெட்டலாம். சென்னியப்பனிடம் அவர் இதுவரைக்கும் சொல்லவில்லை.

சென்னியப்பனும் பொறுத்துத்தான் இருந்தார். முந்தின நாள் புதன்கிழமை, வந்து மூன்றே வருஷமான ஜெபசிங்கிடம் "வெட்டு" என்று சொல்லிவிட்டார் வாத்தியாரம்மா. அதற்குமேல் எப்படிப் பொறுப்பது?

வயிறு எரிந்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். அன்று ராத்திரி சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பன் சுட்டவன், பன் சுட்டவன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உண்மைதான், ஜெபசிங் சாத்தான்குளம் பக்கத்துக்காரன். காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் அடுப்படியில் நின்றவன். சென்னியப்பனோ பதினெட்டு வயதிலிருந்து லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடித்தவர். இரும்பு அவருக்குப் பங்காளி மாதிரி. அவர் மனைவி மயிலாத்தா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், மூணு வருஷமா தினமும் அவனைக் கூட்டிட்டு வந்துதான் சாப்பிட உக்கார்றீங்க, அவனுக்கும் ஒரு தட்டு வெச்சிரட்டுமா என்று கேட்டுவிட்டாள்.

இதையெல்லாம் வாத்தியாரம்மாவிடம் அவர் சொல்லவில்லை. எனக்கு எப்பங்க என்று மட்டும்தான் கேட்டார்.

வாத்தியாரம்மா தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"ஜெபசிங் வாளைப் பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேனுங்க."

"எப்படி இருக்குது?"

சென்னியப்பன் குனிந்து செருப்பைக் கழற்றினார். பதில் சொன்னால் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் அவருக்கு மனசு வரவில்லை.

அந்த வாள் அப்படி. வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் பூசி, உலையில் காய்ச்சி, சரியான சிவப்பு வந்த நொடியில் தண்ணீரில் இறக்க வேண்டும். கை நன்றாக இருந்தால் விளிம்பு நெடுக வெள்ளையாக ஒரு அலைக்கோடு விழும். சேகரிக்கிறவர்கள் உயிரை விடுவது அந்தக் கோட்டுக்காகத்தான். ஜெபசிங்கின் வாளில் அது நுரை ஒதுங்கினதுபோல விழுந்திருந்தது. பெல்ஜியத்தில் ஒரு பல் டாக்டர் கேட்டிருந்த வாள் அது.

வாத்தியாரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், துணியில் சுற்றிய அந்த வாளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுக்கு நீங்க மெருகு போடுங்க. போடறப்ப இதுல ஒரு குறை கண்டுபிடிங்க. நெசமான குறை. கண்டுபிடிச்சுட்டா அவன் பேரை அராவி எடுத்துட்டு, அதே இடத்துல உங்க பேரை வெட்டிக்கலாம்."

சென்னியப்பனுக்குக் காதை நம்ப முடியவில்லை. நெசமாத்தான் சொல்றீங்களா என்று இரண்டு தடவை கேட்டார். வாத்தியாரம்மா இரண்டு தடவையும் ஆமாம் என்றார்.

அங்கே மெருகு ஏழு கல்லில் நடக்கும். முதல் கல் சொரசொரப்பு. ஏழாம் கல் நகத்துண்டு அளவுதான், அதைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு திசை. ஒன்றைக் குறுக்கே ஓட்டினால் அடுத்ததைச் சாய்வாக ஓட்ட வேண்டும், அதற்கடுத்ததை நீளவாக்கில். முந்தின கல் போட்ட கீறல்களை அடுத்த கல் தின்றுகொண்டே வரும். இரும்பின் உண்மையான முகம் கடைசியில்தான் தெரியும்.

சொந்த வாளுக்கு மெருகு போடும்போது சென்னியப்பன் ஐந்தாம் கல்லோடு எழுந்துவிடுவார். போதும், கண்ணுக்குத் தெரியாததற்கு எதற்கு முதுகை ஒடிக்க வேண்டும் என்பார். இந்த வாளுக்கு அப்படியெல்லாம் எழவில்லை.

நான்காம் நாள். இரண்டாம் கல். வாளின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

சென்னியப்பன் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாத்தியாரம்மா பார்த்தார். அடுத்த கல்லைப் போடுங்கண்ணா என்றார். அடுத்த கல்லைப் போட்டதும் கோட்டைக் காணோம்.

ஒன்பதாம் நாள் இன்னொரு கோடு. அது நான்காம் கல்லில் போய்விட்டது.

பதினான்காம் நாள் கிடைத்தது, சும்மா சொல்லக்கூடாது, அது நல்ல கோடு. வரிசையாக மூன்று. இந்த முறை சென்னியப்பன் ஓடவில்லை, எல்லோரையும் கூப்பிட்டார். உலைக்காரர், உறை செதுக்குகிற ஆசாரி, கைப்பிடிக்குக் கயிறு கட்டுகிற பெண், எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். ஜெபசிங்கும் வந்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க சென்னியப்பனுக்குக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

வாத்தியாரம்மா வாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இந்தக் கோடு எந்தப் பக்கமா ஓடுதுங்ணா?"

"சாய்வா ஓடுதுங்க."

"நாலாங் கல்லை நீங்க எந்தப் பக்கமா ஓட்டுனீங்க?"

சென்னியப்பனின் கை தானாகச் சாய்வாக ஓடிப் பாதியில் நின்றது. கயிறு கட்டுகிற பெண் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் தேய்த்த தேய்ப்பின் கீறலையே குறை என்று ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறார். மெருகு போடுகிறவனுக்கு இதைவிட மானக்கேடு கிடையாது. முதல் வருஷத்தில் வருகிறவர்கள்கூட ஒரு தடவைக்குமேல் செய்யமாட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம் ஜெபசிங் அவர் பக்கத்தில் வந்து குந்தினான். கண் எரியுதா அண்ணாச்சி, கொஞ்சம் வெள்ளரிக்காய் நறுக்கித் தரட்டா என்று கேட்டான். நெசமாகவே அக்கறையாகத்தான் கேட்டான். அதுதான் சென்னியப்பனால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் கர்வமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டவாவது வசதியாக இருக்கும். அவர் வாள்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். குறையை அவராகவே உண்டாக்கியிருக்கலாம். விளிம்பைத் தொட்டி ஓரத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும், யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு அவருக்கு வராமல் இல்லை, இரண்டு தடவை வந்தது. ஆனால் அவர் அந்த மாதிரி ஆள் இல்லை. பன் சுட்டவன் நெசமாகவே தோற்க வேண்டும். அப்போதுதான் அவருக்குத் தூக்கம் வரும்.

அதனால் தேய்த்தார். ஆறாம் கல்லை ஐந்து நாள் தேய்த்தார், வழக்கமாக அது இரண்டு நாள் வேலை. ஒவ்வொரு விரல்கடை அகலத்தையும் தனித்தனியாகப் பார்த்தார். தன் கீறல் எது, இரும்பின் கோடு எது என்று இப்போது அவருக்குப் பார்த்த உடனே தெரிந்தது. தன்னுடையது என்று தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அழித்துக்கொண்டே வந்தார். அவை கிடந்தால் அவனுடைய குறை மறைந்துவிடுமே.

வந்து போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். உறை செதுக்குகிற ஆசாரி ஒருநாள் வந்து வாளைப் பார்த்துவிட்டு, குனிந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அலைக்கோட்டுக்குள்ளே இன்னும் சின்னச் சின்னக் கோடுகள், புள்ளிகள், மேகம் மாதிரி ஏதோ தெரிந்தது. அடித்தவனே அதையெல்லாம் பார்த்ததில்லை. சென்னியப்பன் இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் தேடினது வேறு.

இருபத்து மூன்றாம் நாள், காலை பதினோரு மணி, ஏழாம் கல்.

கிடைத்தது.

நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, விளிம்பில், எள்ளில் பாதி நீளத்துக்கு ஒரு விரிசல். தண்ணீரில் இறக்கிய நொடியில் விழுந்திருக்க வேண்டும். சென்னியப்பன் கல்லின் திசையை மாற்றினார். அது போகவில்லை. மறுபடி மாற்றினார். போகவில்லை. ஆறாம் கல்லுக்குத் திரும்பிப் போய், மறுபடி ஏழாம் கல்லுக்கு வந்தார். அங்கேயே இருந்தது.

விளிம்பில் விரிசல் விழுந்த வாளுக்கு மருந்து கிடையாது. அரைக்கால் அங்குலமானாலும் அது சேகரிக்கிறவன் கைக்குப் போகக்கூடாது. பட்டறையில் அதற்குமேல் பேச்சே இல்லை.

இந்த முறை அவர் யாரையும் கூப்பிடவில்லை. எழுந்து போய்க் கைகால் முகம் கழுவினார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். தலையைக்கூடச் சீவிக்கொண்டார். உடம்பெல்லாம் சந்தோஷம். மகளுக்கு நிச்சயம் செய்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததற்குக் கொஞ்சம் வெட்கப்படவும் செய்தார்.

வாத்தியாரம்மா வாளை வாங்கிப் பார்த்தார். முதலில் குறையைப் பார்க்கவில்லை. வால் தொடங்கி நுனிவரைக்கும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இந்தப் பட்டறையில இப்படி ஒரு மெருகு இதுவரைக்கும் வந்ததில்லைங்ணா," என்றார்.

"அதை விடுங்க. நுனிக்குக் கிட்ட பாருங்க. ஒரு சாண்."

வாத்தியாரம்மா பூதக்கண்ணாடியை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"ஆமாங்ணா. விரிசல்தான்."

சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது.

ஜெபசிங்கைக் கூப்பிட்டார்கள். வந்தான். அவனுக்கு முதலில் அகப்படவில்லை, சென்னியப்பன்தான் விரலால் காட்ட வேண்டியிருந்தது. கண்ணாடிக்குள் அதைப் பார்த்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான். வாயை ஒரு தடவை துடைத்துக்கொண்டான். அழுதுவிடுவான் என்று சென்னியப்பன் காத்திருந்தார்.

"நாலு நாள் உக்காந்து பாத்தேன் அண்ணாச்சி. எனக்கு அகப்படலயே," என்றான் ஜெபசிங். "இது இப்படியே போயிருந்தா என்ன ஆயிருக்கும்? நல்லவேளை, உங்க கையில குடுத்தாவ."

சென்னியப்பன் தலையை ஆட்டினார்.

ஒப்பந்தம் என்ன என்பதை வாத்தியாரம்மா அவனுக்குச் சொன்னார். ஜெபசிங் மறுக்கவில்லை. அரத்தை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். வாளின் வாலை வைஸ் பிடியில் இறுக்கிவிட்டு, தன் பெயரைத் தானே அராவ ஆரம்பித்தான். நாலே எழுத்து. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, இரும்புப் பொடியை ஊதிவிட்டான். அவனுக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

பல் டாக்டருக்கு எழுதி இன்னும் நாலு மாசம் கேளுங்கள் என்று வாத்தியாரம்மாவிடம் சொன்னான். பிறகு புது இரும்புக்கட்டி ஒன்றைக் கேட்டான். அவர் அலமாரியைக் காட்டினார். ஒன்றை எடுத்துக்கொண்டு உலைப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் துருத்தியின் சத்தம் கேட்டது.

வாத்தியாரம்மா உளியையும் சின்னச் சுத்தியலையும் சென்னியப்பன் முன்னால் வைத்தார்.

"வெட்டுங்கண்ணா."

பதினோரு வருஷம் காத்திருந்த வார்த்தை. சென்னியப்பன் மணைமேல் உட்கார்ந்தார். அவருடைய பெயர் ஏழு எழுத்து. சாக்கட்டியால் ஏழு இடம் அளந்து குறித்தார். எழுத்துகளை எந்த அளவில் வைக்க வேண்டும், எந்த அழுத்தத்தில் தட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். முதல் எழுத்துக்கு உளியை வைத்தார். சுத்தியலைத் தூக்கினார்.

தூக்கினவர் இறக்கவில்லை.

வாளின் அந்தக் கோடிக்கு அவர் கண் போனது. ஒரு சாண் தள்ளி, எள்ளில் பாதி. இருபத்து மூன்று நாள் தேடி எடுத்தது. இப்போது பூதக்கண்ணாடி இல்லாமலே, மணையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே அது அவருக்குத் தெரிந்தது. அதைத் தவிர வேறு எதுவுமே தெரியவில்லை.

இந்த வாள் எங்கே போகும் என்று கேட்டார். எங்கேயும் போகாது, இங்கேதான் சுவரில் தொங்கும் என்றார் வாத்தியாரம்மா. வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், கைப்பிடி போடாமல்தான் மாட்டப்போகிறேன் என்றார்.

"அப்ப பேரு தெரியுமுங்களா?"

"தெரியும்."

சென்னியப்பன் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார். பேரை வேறு ஒரு வாளில் வெட்டிக்கொள்ளட்டுமா என்று மெல்லக் கேட்டார். எந்த வாள் என்று கேட்டார் வாத்தியாரம்மா. ஐந்தாம் கல்லோடு விட்ட தன் வாள்களை அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். உலைப் பக்கம் ஜெபசிங் இரும்பைத் தட்டுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"வாத்தியாரம்மா, இதுல குறை இருக்குதுங்களே," என்றார் கடைசியில்.

"இருக்குதுங்ணா," என்றார் அவர். "இல்லீன்னா இந்த இடம் உங்களுக்கு எப்படிக் கெடைச்சிருக்கும்?"